தகாத உறவைக் காட்டி விவாகரத்து: மனுவிலேயே நடக்கும் தவறுகள்

குடும்ப நல நீதிமன்றத்துக்குப் புதிதாக வரும் ஜூனியர்கள் தயாரிக்கும் மனுக்களைப் பார்த்தால், ஆரம்ப காலத்தில் நான் எழுதியவைதான் நினைவுக்கு வருகின்றன. பெயரில் எழுத்துப்பிழை, கல்யாணத் தேதி மாறுவது போன்றவற்றை விட்டுவிடுகிறேன். திருத்த மனு போட்டால் சரியாகிவிடும். இந்து திருமணச் சட்ட வழக்குகளில் அப்படிச் சரியாகாதவை இவை.

போலீஸுக்கு ஓடுவது

2018 செப்டம்பரோடு தகாத உறவு குற்றமில்லை. விவாகரத்துக்கு மட்டும்தான் காரணம்.

மூன்றாவது ஆளை விட்டுவிடுவது

உறவு வைத்திருந்தவர் என்று ஒருவரைப் பெயர் சொல்லிக் குற்றம் சாட்டினால் அவரையும் எதிர்மனுதாரராகச் சேருங்கள். அவர் தரப்பைக் கேட்காமல் அவர்மேல் பழி எழுத எந்த நீதிபதியும் தயங்குவார்.

குழந்தைக்கு டி.என்.ஏ. சோதனை கேட்பது

இதைப் பார்த்தால் இன்றும் எரிச்சல் வருகிறது. ஒரு கணவர் வழக்குக் கட்டைத் தூக்கிக்கொண்டு என்னிடம் வந்தார். மனைவிக்கு வேறு உறவு என்று விவாகரத்து மனு. கூடவே மகனைத் தன்னிடம் ஒப்படைக்கச் சொல்லி ஒரு மனு. அதற்கு மேல், அந்தப் பையன் தனக்குப் பிறந்தவன்தானா என்று சோதிக்கச் சொல்லி இன்னொன்று! குறுக்கு விசாரணையில் எதிர்த்தரப்பு வழக்கறிஞர் அலட்டிக்கொள்ளவே இல்லை. "எந்த மனுவில் சொன்னது உண்மை?" என்று மட்டும் கேட்டார். மனிதர் வாயடைத்து நின்றார். சோதனை மனு தள்ளுபடி. பையனைக் கேட்ட மனுவும் அத்தோடு படுத்துவிட்டது.

செல்லத்தக்க திருமணத்தில் பிறந்த குழந்தை கணவரின் குழந்தைதான் என்பதே சட்டம். பழைய சாட்சியச் சட்டத்தில் 112ஆவது பிரிவு, இப்போதைய சட்டத்தில் 116. திருமணம் முறிந்து 280 நாளுக்குள் பிறந்தாலும், தாய் மறுமணம் செய்யாத வரை இதேதான். கரு உண்டாகியிருக்கக்கூடிய காலத்தில் இருவரும் கூடும் வாய்ப்பே இருக்கவில்லை என்று காட்டினால் மட்டும் மாறும். மனைவியின் உறவை நிரூபிக்கக் குழந்தையைச் சோதனைக்கு இழுக்க முடியாது என்று உச்ச நீதிமன்றம் 2023 பிப்ரவரியில் தெளிவாகவே சொல்லிவிட்டது. வேறு ஆதாரம் இருந்தால் கொண்டு வாருங்கள். நேரில் பார்த்த சாட்சி தேவையில்லை, சூழ்நிலைச் சாட்சியமே போதும்.

"கட்சிக்காரர் கேட்டார் சார்" என்பார்கள் ஜூனியர்கள். கோபத்தில் அவர் ஆயிரம் கேட்பார், எல்லாவற்றையும் மனுவாக அடிக்கவா நம்மை வைத்திருக்கிறார்?

சரி, உறவு நிரூபணமே ஆகட்டும். பிள்ளை தானாக வந்துவிடுமா? வராது. விவாகரத்து ஒரு கேள்வி, குழந்தை யாரிடம் வளரும் என்பது வேறு கேள்வி. 1956ஆம் ஆண்டின் இந்து சிறுவர், காப்பாளர் சட்டப்படி குழந்தையின் நலன்தான் முதலில். ஐந்து வயது முடியாத குழந்தை சாதாரணமாகத் தாயிடம். அந்த உறவால் குழந்தை கவனிப்பாரற்றுப் போனது என்று காட்டினால்தான் அது கணக்கில் வரும். தவறு கணவருடையது என்றாலும் அளவுகோல் இதேதான். பள்ளிக்கு அழைத்துப்போவது யார், காய்ச்சல் வந்தால் லீவு போடுவது யார், வகுப்பு ஆசிரியை பெயர் என்ன? ஹோட்டல் ரசீது தேடி அலைந்த அந்தக் கணவரிடம் இதில் ஒன்றுக்கும் பதில் இல்லை.

தெரிந்த பிறகும் சேர்ந்து வாழ்ந்தது

மன்னித்ததாக எடுத்துக்கொள்வார்கள். மறைக்காமல் மனுவிலேயே விளக்குங்கள்.

ஸ்கிரீன்ஷாட்டை அப்படியே நீட்டுவது

மின்னணுப் பதிவுக்கு, அது எந்தக் கருவியில் எப்படி எடுக்கப்பட்டது என்று சொல்லும் சான்றிதழை வாங்கி வையுங்கள். இப்போதைய சாட்சியச் சட்டத்தில் 63ஆவது பிரிவு, பழையதில் 65பி. குடும்ப நீதிமன்றச் சட்டத்தின் 14ஆவது பிரிவு சாட்சிய விதிகளைத் தளர்த்துவது உண்மைதான். அதை மட்டும் நம்பிப் போகாதீர்கள். தம்பதிக்குள் ரகசியமாகப் பதிவு செய்த பேச்சையும் ஏற்கலாம் என்று 2025 ஜூலையில் தீர்ப்பு வந்திருக்கிறது. அதற்காக எந்தப் பதிவும் செல்லும் என்று அர்த்தமில்லை.

குழந்தைக்குச் சொல்லிக்கொடுப்பது

வேண்டாம். சேம்பரில் நீதிபதி தனியாகப் பேசும்போது, "அம்மா நடத்தை சரியில்லை" என்று ஒரு சிறுவன் சொன்னால் அது யாருடைய வாக்கியம் என்று அவருக்குத் தெரியாதா?

ஜீவனாம்சத்தைக் குழப்புவது

தகாத உறவிலேயே வாழ்ந்துவருகிறார் என்று நிரூபித்தால் மனைவிக்கு மறுக்கலாம். எப்போதோ நடந்த ஒரு சம்பவம் அதற்குப் போதாது. குழந்தைக்கு உரிய தொகையை எப்படியும் கட்டத்தான் வேண்டும், இழுத்தடித்தால் பாக்கி ஏறும்.