மேகாங் மீனுக்கு மாடல் போடுகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன மாதம் ஒரு தம்பி மடிக்கணினியைத் திறந்து தன் மாடலைக் காட்டினார். அணை வந்தால் ஆற்று மீனுக்கு என்ன ஆகும் என்று கணிக்கும் மாடல். வரைபடங்கள் அழகாக இருந்தன. மூன்றாவது பக்கத்திலேயே எனக்கு வயிற்றைக் கலக்கியது. பதினோரு வருடத்துக்கு முன் நான் செய்த அதே தவறு, அதே இடத்தில் உட்கார்ந்திருந்தது. இவருக்கு முன்னால் பயிற்சிக்கு வந்த பெண்ணும் அதையேதான் செய்திருந்தார்.

அலகு மாற்ற மறப்பது, கன அடியைக் கனமீட்டர் என்று ஏற்றுவது போன்றவற்றை இங்கே எழுதப்போவதில்லை. அவை அன்று மாலைக்குள் தாமாகவே பல்லிளித்துவிடும். எண்கள் எல்லாம் சரியாக இருந்தும் ஆறு கைநழுவிப்போகும் இடங்களைப் பற்றித்தான் சொல்லப்போகிறேன். என் அனுபவம் பெரும்பாலும் கீழ் மேகாங்கில்: லாவோஸ், தாய்லாந்து, கம்போடியா, வியட்நாம். ஆண்டுக்கு சுமார் 20 லட்சம் டன் மீன் தரும் ஆறு. கிளையாறு விடாமல் நீர்மின் அணைகளும் வந்துகொண்டிருக்கின்றன.

மாதச் சராசரியை நம்புவது

செகாங், சேசான், ஸ்ரேபோக் என்ற மூன்று ஆறுகளும் ஒன்றுகூடி, கம்போடியாவின் ஸ்டங் ட்ரெங் ஊரருகே மேகாங்கில் விழுகின்றன. அவற்றில் ஒன்றுக்கு நீரோட்ட மாடல் போடும் வேலை எனக்கு வந்தது. கையில் கிடைத்தது மாதச் சராசரித் தரவு. அதையே வைத்துப் பொருத்திப் பார்த்தேன். நாஷ்–சட்கிளிஃப் மதிப்பெண் 0.87 வந்தது. மாடல் சொல்வதும் அளந்ததும் அச்சு அசலாக ஒத்துப்போனால் இந்த மதிப்பெண் 1. எனவே 0.87-க்குக் காலரைத் தூக்கிவிட்டுக்கொள்ளலாம். தூக்கிவிட்டுக்கொண்டேன்.

அறிக்கையில் இப்படி எழுதினேன்: அணை வந்தபின் வெள்ளக்காலத்தில் நீர் கொஞ்சம் குறையும், கோடையில் கூடும், கோடையில் கூடுவது மீனுக்கு நல்லது.

அறிக்கை போய்ச் சேர்ந்த பிறகுதான், ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்த ஓர் அணைக்குக் கீழே இருந்த ஊரில் இரண்டு இரவு தங்கினேன். மரக்கால்மேல் நிற்கும் வீடு. சாயங்காலம் ஆறு மணிக்குப் படித்துறையின் கடைசிப் படியில் தண்ணீர். ஒன்பது மணிக்குப் படகின் கயிறு விறைத்து முனகியது. படிகளில் பாதியைக் காணோம். காலை ஐந்து மணிக்குப் பார்த்தால் பழையபடி கடைசிப் படி. நடுவில் ஒரு சொட்டு மழை இல்லை. ஊரெல்லாம் விளக்கும் விசிறியும் போடுகிற நேரத்தில் டர்பைனை முழுதாக ஓட்டுவார்கள், அப்புறம் நிறுத்துவார்கள், அவ்வளவுதான். கரையோரப் புல்லின் அடியிலும் கல்லிலும் மீன் முட்டைகள் ஒட்டியிருந்தன. பத்து மணி வெயிலில் அவை கடுகுபோலச் சுருங்கிவிட்டன. வீட்டுக்கார அம்மா புதரில் சிக்கிய வலையைப் பிரித்தபடி, “இப்போதெல்லாம் ராத்திரி வலை போடுவதில்லை, இது மறந்துபோய் விட்டது” என்றார்.

என் மாடலில் இது எதுவுமே இல்லை. கணக்கைப் பாருங்கள். ஒரு நாளில் 4 மணி நேரம் விநாடிக்கு 600 கனமீட்டர் விடுகிறார்கள், மீதி 20 மணி நேரம் 60 மட்டும். அன்றைய சராசரி 150. அணையே இல்லாத ஆற்றில் நாள் முழுக்கச் சீராக 150 ஓடினாலும் சராசரி அதே 150தான். மாடலுக்கு இரண்டும் ஒன்று. முட்டைக்கு ஒன்றல்ல. நாள் சராசரியே இவ்வளவை மறைக்கும் என்றால் மாதச் சராசரி எதைத்தான் காட்டும்?

இன்னும் எரிச்சல் தருவது, எனக்கு இது தெரியாத சங்கதி இல்லை என்பதுதான். சேசான் ஆற்றின் மேற்பகுதியில், வியட்நாமில், 720 மெகாவாட் யாலி அணை இருக்கிறது. அங்கிருந்து திடீரெனப் பாய்ந்த நீர், எல்லை தாண்டிக் கம்போடியாவின் ரத்தனகிரி மாகாணத்தில் படகையும் வலையையும் மனிதர்களையும் அடித்துப்போன கதை 1990-களின் பிற்பகுதியிலிருந்தே பதிவாகியிருக்கிறது. படித்திருந்தேன். படித்துவிட்டு மாதச் சராசரியை ஏற்றினேன்.

மதிப்பெண்ணும் என்னை ஏமாற்றியது. நாஷ்–சட்கிளிஃப் பிழையை வர்க்கப்படுத்திக் கூட்டும். அதனால் வெள்ளக்காலத்துப் பெரிய எண்களைப் பிடித்துவிட்டாலே மதிப்பெண் ஏறிவிடும். கோடையில் ஓடுவது அளந்ததைவிட இரண்டு மடங்கு என்று மாடல் உளறினாலும் அது கண்டுகொள்ளாது. மீனுக்குச் சிக்கலோ அந்தக் கோடையிலும், முதல் மழைக்கு ஆறு நிறம் மாறிப் பெருகத் தொடங்கும் அந்தச் சில நாட்களிலும்தான். பல மீன்கள் முட்டையிடக் கிளம்புவது அந்த முதல் பெருக்கைப் பார்த்துத்தான்.

“கோடையில் கூடுவது நல்லது” என்றேனே, அதுவும் தப்பு. கம்போடியாவின் தொன்லே சாப் ஏரி கோடையில் சுமார் 2,500 சதுர கிலோமீட்டர். மழைக்காலத்தில் மேகாங் பெருகி, ஏரியிலிருந்து வரும் ஆற்றையே பின்னோக்கித் தள்ளும்போது 15,000 வரை விரியும். அந்த விரிவில் மூழ்கி எழும் காடுதான் மீன் குஞ்சுகளின் தொட்டில். கோடை நீர்மட்டம் கொஞ்சம் உயர்ந்தாலும் ஏரி விளிம்பில் இருக்கும் மரங்கள் ஆண்டு முழுக்கத் தண்ணீரிலேயே நின்று பட்டுப்போகும். ஆண்டுச் சராசரியில் ஒரு குறையும் தெரியாது.

அந்த அறிக்கையைத் திருத்தி எழுத எனக்கு 14 மாதம் பிடித்தது. முதல் பதிப்பை மேற்கோள் காட்டுகிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள்.

சரி, என்ன செய்யலாம்? அணைக்காரர்களிடம் மணிக்கணக்கு வெளியேற்றப் பதிவைக் கேளுங்கள். பெரும்பாலும் தரமாட்டார்கள். அப்படியானால் மின்தேவை எந்த மணிக்கு ஏறி எந்த மணிக்கு இறங்குகிறது என்பதை வைத்து ஒரு வெளியேற்ற அட்டவணையை நீங்களே ஊகித்து ஓட்டுங்கள். ஊகம் என்று பெரிய எழுத்தில் போடுங்கள். 15 நிமிடத்துக்கு ஒருமுறை நீர்மட்டம் பதியும் சின்னக் கருவியை ஒரு குழாய்க்குள் வைத்துப் பாலத்தூணில் கட்டுங்கள். (ஊர்க்காரர் ஒருவரிடம் சொல்லிவிட்டுக் கட்டுங்கள். சொல்லாமல் கட்டிய என் முதல் கருவி தூண்டில் பாரமாகிவிட்டது.) கோடை ஓட்டத்துக்கு மடக்கை (log) எடுத்துத் தனியாக மதிப்பெண் போடுங்கள்; அப்போதுதான் சிறிய எண்களும் கணக்கில் எடுபடும். மணிக்கு எத்தனை சென்டிமீட்டர் இறங்குகிறது, முதல் பெருக்கு எந்தத் தேதியில் வருகிறது என்ற இரண்டையும் மாடல் சொல்லவில்லை என்றால், அதை மீன் மாடல் என்று அழைக்காதீர்கள்.

மேலே ஏறும் மீனை மட்டும் எண்ணுவது

மீன் அணையைத் தாண்டி மேலேற அமைக்கும் படிவழிதான் மீன் ஏணி. அதில் 80 விழுக்காடு மீன் ஏறும் என்று வைத்துக்கொள்வது வழக்கம். தாராளமான எண்தான், இருக்கட்டும். அடுத்தடுத்து ஐந்து அணை என்றால் 0.8-ஐ ஐந்து முறை பெருக்க வேண்டும்: 100-க்கு 33 மிஞ்சும். பலர் இதோடு நிறுத்திவிடுகிறார்கள். அந்த 33 இட்ட முட்டையும் குஞ்சும் ஓட்டத்தில் மிதந்து கீழே வர வேண்டும். அணைக்குப் பின்னால் தேங்கிய நீரில் ஓட்டம் இல்லாததால் அடியில் படிந்து சாகும். தப்பித்து வருவது டர்பைனுக்குள் நுழைந்தால், நொடியில் விழும் அழுத்தத்தில் காற்றுப்பை வெடிக்கும். திரும்பும் பயணத்துக்கும் தனியாக ஒரு பெருக்கல் வேண்டும்.

ஏணிகள் சால்மன் மீனுக்காகப் பிறந்தவை என்பதும் நினைவிருக்கட்டும். துள்ளி ஏறும் மீன் அது. மேகாங்கின் பெருங்கெளுத்தி துள்ளாது. 2005-இல் வட தாய்லாந்தில் பிடிபட்ட ஒன்று 293 கிலோ. 1994-இல் கட்டிமுடித்த தாய்லாந்தின் பாக் முன் அணையில் ஏணி கைகொடுக்கவில்லை. 2001-இல் மதகுகளைத் திறந்துவைத்த பிறகுதான் மீன் திரும்பியது. நமக்கும் இது புதிதல்ல: மேட்டூர் அணை வந்த பிறகு காவிரியில் உல்லம் மீன் மேலேறுவது நின்றுபோனது.

அணைக்கு ஒன்றாகத் தனித்தனி மாடல்

கிளையாற்று அணைதானே என்று ஒதுக்காதீர்கள். 400 மெகாவாட் கீழ் சேசான் 2 அணை ஒன்றே படுகை முழுவதிலும் மீன் எடையை 9.3 விழுக்காடு குறைக்கும் என்று 2012-இல் வெளியான ஓர் ஆய்வு கணித்தது. படுகை முழுவதையும் ஒரே மாடலில் வைத்ததால்தான் அது தெரிந்தது. அணை 2018-இல் திறக்கப்பட்டது.

எல்லா மீனுக்கும் ஒரே பெட்டி

கம்போடியாவில் கூட்டம் கூட்டமாகப் பிடிபடும் ரியெல் என்ற சின்ன மீன் ஒரு சாண்கூட இல்லை. மேலே அந்த 293 கிலோவை இன்னொரு முறை பாருங்கள். இரண்டையும் மாடலில் ஒரே பெட்டியில் போடாதீர்கள்.

வண்டலை மறப்பது

மறக்காதீர்கள். மணல் அள்ளுவதையும்.

வலையில் விழுந்ததை ஆற்றில் உள்ளதாகக் கொள்வது

நீண்டகாலத் தரவு என்றால் எல்லோரும் ஓடுவது தொன்லே சாப் ஆற்றின் டாய் வலைகளுக்கு. ஏரிக்கும் நோம் பென் நகருக்கும் இடையே, ஆற்றுக்குக் குறுக்கே வரிசையாக நங்கூரமிட்ட ராட்சதப் பைவலைகள், 60-க்கும் மேல். அக்டோபரிலிருந்து மார்ச் வரை, வடியும் நீரோடு ஏரியை விட்டு வெளியேறும் மீனைப் பிடிப்பார்கள். பெரும்பகுதி ரியெல் மீன். பிரஹோக் என்ற புளித்த மீன் விழுதாகி ஆண்டு முழுக்கச் சோற்றுக்கு வரும்.

நல்ல தரவுதான். ஆனால் அது வலையின் கணக்கு. வலைக்கண் மாறலாம், வலை போட்ட நாட்கள் மாறலாம், நீரின் வேகம் மாறலாம். இந்தத் தரவை நீரோட்டத்தோடு இணைத்து, அணையிலிருந்து நீரை எப்படித் திறந்தால் மீன் பெருகும் என்று 2017-இல் ஓர் ஆய்வு வந்தது. மறுத்து எழுதினார்கள், மறுப்புக்கு மறுப்பும் வந்தது. புதியவர்கள் அந்தச் சண்டையை முழுதாகப் படித்துவிட்டு மாடலைத் தொடுவது நல்லது.

அதைவிட எளிதில் தவறவிடுவது நிலா. மீன் கூட்டம் கூட்டமாக இறங்குவது பௌர்ணமிக்கு முந்தைய சில நாட்களில். டாய்க்காரர்கள் அந்த நாட்களில் தூங்குவதில்லை. மற்ற நாட்களில் வலையைத் தூக்கினால் சருகும் சேறும்தான் மிகுதி.

அந்தத் தம்பி ஏழு நாள் மாதிரி எடுத்து, அதை வைத்துப் பருவம் முழுவதற்கும் பெருக்கியிருந்தார். தேதிகளை வாங்கிப் பஞ்சாங்கத்தோடு ஒப்பிட்டேன். ஐந்து நாள் தேய்பிறை.

“சார், அந்த வாரம்தான் வண்டி கிடைத்தது” என்றார்.