ஜனவரியில் தொடங்கி லேவியராகமத்தில் நின்றுவிடுகிறவர்களுக்கு

எங்கள் வீட்டுப் பழைய வேதாகமத்தை மூடிவைத்துப் பக்கவாட்டில் பார்த்தால் ஒன்று தெரியும். ஆதியாகமமும் யாத்திராகமமும் விரல் பட்டுப் பட்டுப் பழுப்பேறிக் கிடக்கும். அதற்கப்புறம் தாள்கள் வெள்ளை. நடுவில் சங்கீதத்தில் மறுபடி பழுப்பு, பிறகு நான்கு சுவிசேஷங்களில். ஒவ்வொரு ஜனவரியிலும் முதலிலிருந்து ஆரம்பித்ததற்கும், ஒவ்வொரு பிப்ரவரியிலும் விட்டுவிட்டதற்கும் அதுதான் சாட்சி.

வேதாகமத்தில் 66 புத்தகங்கள், 1189 அதிகாரங்கள். வாரநாட்களில் மூன்று, ஞாயிறன்று ஐந்து என்று படித்தால் வருஷத்துக்குள் முடிந்துவிடும். சபைகளில் கொடுக்கும் அட்டவணைகள் பலவும் இந்தக் கணக்குதான். ஆதியாகமம் 50, யாத்திராகமம் 40. ஆக, ஜனவரி கடைசி வாரத்தில் லேவியராகமம் வந்து நிற்கும். சர்வாங்க தகனபலி, குண்டிக்காய்களின் (சிறுநீரகங்களின்) மேலுள்ள கொழுப்பு, குஷ்டத்தை ஆசாரியன் பார்க்கும் முறை. அந்த நேரம் பார்த்து வீட்டில் ஒரு கல்யாணமோ காய்ச்சலோ வரும். இரண்டு நாள் விட்டால் ஆறு அதிகாரம் பாக்கி. சனிக்கிழமை எல்லாவற்றையும் சேர்த்துப் படிக்கலாம் என்று நினைப்போம். சனிக்கிழமை பாக்கி பன்னிரண்டாகியிருக்கும்.

பாக்கி வைத்துக்கொள்வதுதான் இங்கே தவறு. தவறிப்போன நாள் போனது போனதுதான், அதை வட்டியோடு கட்டச் சொல்லி யாரும் கேட்கவில்லை. இன்றைய பகுதியை மட்டும் இன்றைக்குப் படியுங்கள். அட்டவணையே ஒத்துவரவில்லையா, மாற்கு சுவிசேஷம் பதினாறே அதிகாரம், அதில் தொடங்குங்கள். 119ஆம் சங்கீதம் எட்டெட்டு வசனமாக 22 பிரிவு. நாளுக்கு ஒரு பிரிவு போதும். எட்டு வசனமா என்று ஏளனமாக நினைக்க வேண்டாம். மூன்று அதிகாரத்தை ரயில் ஜன்னலில் ஊர் பார்ப்பதுபோல் ஓட்டிவிட்டு, மத்தியானம் என்ன படித்தோம் என்று யோசித்தால் ஒன்றும் ஞாபகம் வராத நாட்கள் எனக்கு நிறைய உண்டு.

மொழி புரியவில்லை என்று பிள்ளைகள் சொன்னால் அதையும் அவிசுவாசமாக எடுத்துக்கொள்ளாதீர்கள். நாம் படிக்கும் 'பழைய திருப்புதல்' என்ற மொழிபெயர்ப்பு, ஹென்றி பவர் என்ற மிஷனெரியின் குழுவினர் 1871-இல் கொண்டுவந்தது. அது வந்தபிறகும் எங்கள் லுத்தரன் சபைக்காரர்கள் அதற்கு முந்தைய பப்ரிசியஸ் மொழிபெயர்ப்பை நெடுங்காலம் விடவில்லை. இன்றைக்கு எளிய தமிழில் வந்திருக்கும் வேதாகமத்தைப் பார்த்து முகம் சுளிக்கும் பெரியவர்களுக்கு இதை நினைவூட்டலாம், மரியாதையோடுதான்.

அடுத்தது நேரம். 'அதிகாலை நாலு மணிக்கு எழுந்து ஜெபிக்காதவன் ஜெபவீரனா?' என்று ஒரு கன்வென்ஷனில் கேட்டுவிட்டு வந்து, நான் ஒன்பது நாள் நாலு மணிக்கு எழுந்தேன். பத்தாம் நாள் முழங்காலிலேயே தூங்கி, கட்டில் சட்டத்தில் நெற்றி இடித்தது. இயேசு இருட்டோடே எழுந்து ஜெபித்தார் என்று மாற்கு 1:35 சொல்வது நிஜம். ஆனால் சங்கீதக்காரன் அந்தி, சந்தி, மத்தியானம் மூன்று வேளையையும் சொல்கிறான். கடலூர் சிப்காட்டில் இரவு ஷிப்ட் முடித்து ஏழு மணிக்கு வீடு வருகிறவருக்கும், துறைமுகத்தில் மீன் எடுக்க மூன்று மணிக்கே கூடையோடு கிளம்பும் அம்மாவுக்கும் நாலு மணி தியானம் என்று சொல்வது யாருக்குப் பிரயோஜனம்? உங்கள் நாளில் எந்தப் பதினைந்து நிமிஷம் தினமும் தப்பாமல் கையில் இருக்கிறதோ, அதுவே உங்கள் வேளை.

இப்போது நம் ஊர்க்காரர்கள் கோபித்துக்கொள்ளக்கூடிய விஷயத்துக்கு வருகிறேன்: வாக்குத்தத்த அட்டை. டிசம்பர் 31 இரவு ஆராதனையில் ஆளுக்கொரு வேதவசனம் அச்சிட்ட அட்டைகள் தட்டில் வரும், கண்ணை மூடி ஒன்றை எடுப்போம், வருஷம் முழுக்க அதை பர்ஸில் வைத்துக்கொள்வோம். அட்டை எடுப்பதில் தப்பில்லை, நானும் எடுக்கிறேன். அதோடு வேதவாசிப்பை முடித்துக்கொள்வதுதான் தப்பு.

2011 டிசம்பர் 30 காலையில் தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவில் கரையேறியது. மறுநாள் இரவு கரண்ட் இல்லை, மைக் இல்லை. மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் பாமாலை பாடினோம். பண்ருட்டிப் பக்கம் இருக்கும் சித்தப்பாவால் வர முடியவில்லை, சாலையெல்லாம் மரம். அவருக்கும் சேர்த்து நானே ஒரு அட்டை எடுத்தேன். நாலு நாள் கழித்து அதைக் கொண்டுபோய்க் கொடுத்தபோது அவர் முந்திரித் தோப்பில் நின்றுகொண்டிருந்தார். தோப்பு என்று சொல்லக் கூடாது; அத்தனை மரமும் ஒரே திசையில் படுத்திருந்தது. பலா இரண்டும் வேரோடு. அட்டையில் நீதிமொழிகள் 3:10. 'அப்பொழுது உன் களஞ்சியங்கள் பூரணமாய் நிரம்பும்.'

சித்தப்பா அதை இரண்டு தடவை படித்தார். "இதைக் கர்த்தர் குடுத்தாராடா, நீ தட்டுல கைய விட்டு எடுத்தியா?" என்றார். எனக்குப் பதில் வரவில்லை. வீட்டுக்குள் போய் வேதாகமத்தை எடுத்து, முந்தின வசனத்தைப் பார்த்தார். விளைவின் முதற்பலனால் கர்த்தரைக் கனம்பண்ணு என்று இருந்தது. "விளைஞ்சாதானே" என்று சிரித்தார். பிறகு அவராகவே பக்கங்களைப் புரட்டி ஆபகூக் மூன்றாம் அதிகாரத்துக்குப் போனார். அத்திமரம் துளிர்விடாமற்போனாலும், வயல்கள் தானியத்தை விளைவியாமற்போனாலும் என்று அடுக்கிக்கொண்டே போகுமே, அதை வாய்விட்டு வாசித்தார். அட்டை அந்தப் பக்கத்தில்தான் இன்னும் இருக்கிறது. அந்தப் பக்கம் இருப்பது அவருக்குத் தெரிந்ததற்குக் காரணம், ஆபகூக்கையும் என்றைக்கோ ஒரு சாதாரண நாளில் அவர் வரிசையாகப் படித்திருந்ததுதான்.

'தீமைக்கல்ல, சமாதானத்துக்கேதுவான நினைவுகளே' என்னும் எரேமியா 29:11-ஐ ஸ்டேட்டஸில் வைப்பவர்கள் ஒரு வசனம் மேலே பார்க்கலாம். பாபிலோனில் எழுபது வருஷம் ஆகும் என்று அங்கே எழுதியிருக்கிறது.

ஜெபத்தில் நடக்கும் பெரிய தவறு, வாய் ஓடிக்கொண்டிருக்க மனசு வேறிடத்தில் இருப்பது. மார்ட்டின் லுத்தர் 1535-இல் தனக்கு முடிவெட்டும் பீட்டர் என்பவருக்கு எப்படி ஜெபிப்பது என்று எழுதிக் கொடுத்தார். நல்ல நாவிதன் கத்தியிலும் முடியிலும் கண் வைத்திருப்பான், ஊர்க்கதை பேசிக்கொண்டு வேறெங்கோ பார்த்தால் மூக்கையோ தொண்டையையோ அறுத்துவிடுவான், ஜெபமும் அப்படித்தான் என்றார். அவர் சொன்ன வழி யாருக்கும் கைவரும். பத்துக் கட்டளைகளில் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். இது எனக்கு எதைக் கற்றுக்கொடுக்கிறது, எதற்கு நன்றி சொல்ல வேண்டும், எங்கே தவறினேன், என்ன கேட்க வேண்டும் என்று நான்கு கேள்வி. நடுவில் நல்ல சிந்தனை ஏதாவது வந்தால் மற்றதை விட்டுவிட்டு அதோடு இருக்கச் சொல்கிறார். முழுவதையும் முடித்தாக வேண்டும் என்ற கட்டாயமே இல்லை.

போனில் வேதம் படிக்கலாமா என்று கேட்கிறார்கள். படிக்கலாம், டேட்டாவை அணைத்துவிட்டு.

உபவாசத்துக்கு வருவோம். வெள்ளிக்கிழமை உபவாசம் என்று ஊருக்கே தெரியும்படி சோர்ந்த முகத்தோடு ஆபீஸில் உட்காருவதை, 'உன் தலைக்கு எண்ணெய் பூசி, உன் முகத்தைக் கழுவு' என்று இயேசு அன்றைக்கே கேலி செய்யாத குறைதான். அதைவிட அவசரமாகச் சொல்ல வேண்டியது வேறு. சர்க்கரை வியாதிக்கு மாத்திரையோ இன்சுலினோ எடுக்கிறவர்கள் சாப்பாட்டை விட்டுவிட்டு மருந்தை மட்டும் போட்டுக்கொண்டால் சர்க்கரை திடீரென்று இறங்கி மயங்கி விழக்கூடும். விசுவாசம் இருந்தாலும் விழக்கூடும். மருத்துவரைக் கேட்காமல், ஈஸ்டருக்கு முந்தின லெந்து நாட்களில் உபவாசத்தில் இறங்க வேண்டாம். அவர் வேண்டாம் என்றால் சீரியலையோ கிரிக்கெட்டையோ விடுங்கள். சாப்பாட்டை விடுகிறவர்கள் மிச்சமான காசை என்ன செய்கிறோம் என்றும் பார்க்க வேண்டும். ஏசாயா 58 பசியுள்ளவனுக்கு உன் ஆகாரத்தைப் பகிர்ந்துகொடு என்கிறது. ராத்திரி ஏழு மணிக்கு பிரியாணியோடு உபவாசத்தை முடிப்பதைப் பற்றி அங்கே ஒன்றும் இல்லை.

கடைசியாகக் குடும்ப ஜெபம். இங்கே நான் குற்றவாளி. "ஆண்டவரே, சொன்ன பேச்சுக் கேட்காமல் எப்போதும் விளையாடிக்கொண்டிருக்கிற இந்தப் பிள்ளையைத் தொட்டருளும்" என்று கண்ணை மூடிக்கொண்டு பல வருஷம் திட்டியிருக்கிறேன். நேரில் சொன்னால் பிள்ளை பதில் பேசும். ஜெபத்தில் சொன்னால் ஆமென்தான் சொல்ல முடியும். என் அம்மா என் மனைவியைப் பற்றியும் இப்படி ஜெபித்ததுண்டு, அது வேறு கதை.

ஒருநாள் முறை வைத்து ஜெபிக்கலாம் என்றேன். மகளின் முறை வந்தது. "ஆண்டவரே, அப்பா சாப்பிடும்போது போனைக் கீழே வைக்க உதவி செய்யும்" என்றாள். எல்லாரும் ஆமென் என்றார்கள், நான் கொஞ்சம் தாமதமாக.

இப்போதெல்லாம் உட்கார்ந்ததும் ஜெபக்குறிப்பை அவரவரிடமே கேட்டுவிடுகிறோம். கணக்குப் பரீட்சை என்கிறாள் மகள், அத்தையின் முழங்கால் வலி என்கிறாள் மனைவி. அவர்கள் சொன்னதை மட்டும் சொல்லி ஜெபிக்கிறேன். ஏழெட்டு நிமிஷத்தில் முடிந்துவிடுகிறது.