காடு பார்த்த ரைஃபிளைத் துலக்குவது எப்படி: தழும்புகள் அழியாமல் ஒரு செய்முறை

என் மாமா முப்பது ஆண்டுகளுக்கு மேல் வேட்டைக்குச் சுமந்த ரைஃபிள், உரிமம் மாற்றும் வேலையெல்லாம் முடிந்து என் கைக்கு வந்தது. மௌசர் 98 பொறியில் (தோட்டாவை உள்ளே தள்ளிப் பூட்டும் 'போல்ட்' என்ற தண்டு ஓடும் எஃகு உடல்தான் பொறி) கட்டிய துப்பாக்கி, வால்நட் மரக் கட்டை. ஒற்றைக் கையில் சமமாகத் தூக்கிப் பிடித்தால் விரல்கள் எங்கே உட்காருமோ, சரியாக அங்கே எஃகின் கருநீல மெருகு தேய்ந்து வெள்ளியாக மின்னுகிறது. போல்ட்டின் குமிழும் அப்படித்தான். பிடியில் செதுக்கிய கட்டவரிகள் உள்ளங்கை பட்டுப் பட்டு மழுங்கி, அந்த இடம் மட்டும் கருத்து வழவழவென்று ஆகிவிட்டது.

பார்த்தவர்களில் பாதிப் பேர், "மரத்தை உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, எஃகுக்குப் புது மெருகு ஏற்றிவிடு" என்றார்கள். எனக்கு அதில் துளியும் உடன்பாடு இல்லை. அந்தக் கருப்பு, ஒரு மனிதரின் கை முப்பது ஆண்டுகள் அங்கேயே இருந்ததால் வந்தது. அதைச் சுரண்டி எடுத்துவிட்டால் திரும்பக் கொண்டுவர எந்தக் கடையிலும் சரக்கு கிடையாது. சேகரிப்பாளர்களும் பழைய துப்பாக்கியின் முதல் மெருகைத்தான் மதிக்கிறார்கள். 1964க்கு முந்தைய வின்செஸ்டர் மாடல் 70 போன்றவற்றுக்குப் புதிதாக மெருகேற்றினால், பெரும்பாலும் அதன் மதிப்பு குறைகிறது.

ஆகவே இந்தச் செய்முறையின் நோக்கம் ஒன்றுதான்: உழைப்பால் வந்த தேய்மானத்தை அப்படியே விட்டுவிட்டு, கவனிக்காமல் விட்டதால் வந்த சேதத்தை மட்டும் நிறுத்துவது.

துப்பாக்கியைக் கையாளத் தெரிந்தவர்களை மனத்தில் வைத்தே எழுதுகிறேன். போல்ட்டைத் திறந்து, தோட்டா உட்காரும் அறையைக் கண்ணால் பார்த்து, விரலாலும் தொட்டுப் பார்த்து, தோட்டாக்களை வேறோர் அறையில் வைத்துப் பூட்டிய பிறகே அடுத்த வரிக்கு வாருங்கள்.

முதலில் பாருங்கள், தொடாதீர்கள்

நல்ல வெளிச்சத்தில் எல்லாப் பக்கமும் படம் எடுத்துக்கொள்ளுங்கள். பிறகு ஒவ்வொரு தேய்வுக்கும் காரணம் கேளுங்கள். கை பிடிக்கும் இடத்திலும், தோள்வார் உரசும் இடத்திலும், உறைக்குள் நுழைந்து வெளிவரும் குழல் முனையிலும் மெருகு போயிருந்தால் அது உழைப்பு. விளிம்பு கூர்மை இல்லாமல் மெல்ல மங்கி, தொட்டால் வழுக்கும். அதற்கு மாறாக, யார் கையும் படாத இடத்தில் சொரசொரவென்று செம்பழுப்புப் புள்ளிகள் இருந்தால் அது துரு. வின்செஸ்டர் 1894 போன்ற நெம்புகோல் ரைஃபிள்களில் பொறியின் அடிப்பக்கமே கையில் பிடித்து நடக்கும் இடம். அங்கே மெருகு முழுதும் போயிருப்பது மிக இயல்பு, குறை என்று நினைத்துவிட வேண்டாம்.

வேட்டைத் துப்பாக்கி நிறைய நடந்திருக்கும், குறைவாகவே சுட்டிருக்கும். ஒரு நாள் முழுக்கத் தோளில் கிடந்து ஒரு தோட்டாகூடச் செலவாகாமல் வீடு திரும்பும். அதனால்தான் வெளியே அடிபட்டுக் கிடக்கும் ரைஃபிளின் குழலுக்குள், குண்டைச் சுழற்றும் வரிகள் பல நேரம் கூர்மையாகவே இருக்கின்றன. வெளித்தோற்றத்தை மட்டும் பார்த்து எதையும் ஒதுக்காதீர்கள்.

கழற்றுதல்

இதில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன்: வீட்டுத் திருப்புளியைப் பயன்படுத்தாதீர்கள். அதன் நாக்கு ஆப்புப்போல் சரிந்து போகும். திருகின் பிளவுக்குள் அடிவரை உட்காராமல், அழுத்தும்போது மேலே ஏறிப் பிளவின் உதட்டைக் கிழித்துவிடும். துப்பாக்கி வேலைக்கென்றே வரும் திருப்புளியின் நாக்கு முனையில் இருபுறமும் இணையாக இருக்கும். பிளவின் அகலத்துக்கும் நீளத்துக்கும் பொருந்தும் முனையைத் தேர்ந்தெடுங்கள். நகராத திருகுக்கு ஊடுருவும் எண்ணெய் ஒரு சொட்டு விட்டு ஓர் இரவு காத்திருங்கள்.

மௌசரில் பொறியைக் கட்டையோடு பிணைப்பவை முன்னும் பின்னுமாக இரண்டு திருகுகள். பின் திருகைச் சுற்றி மரத்துக்குள் ஒரு சிறிய எஃகுக் குழாய் இருக்கும். கட்டையைத் தலைகீழாகத் திருப்பும்போது அது நழுவி விழுந்துவிடும். முன்கூட்டியே வெளியே எடுத்து, திருகுகளோடு ஒரே கிண்ணத்தில் வையுங்கள்.

கட்டை: என்னை மூன்று வாரம் நிறுத்திய இடம்

கட்டையின் வெளிப்பக்கம் காய்ந்து வறண்டு தெரிந்தது. ஆளிவிதை எண்ணெய் பூசினால் போதும் என்று நினைத்தேன், பூசினேன். முன்பகுதி இரண்டே நாளில் காய்ந்துவிட்டது. பொறியின் வால், அதாவது அதன் பின்முனை நாக்கு, மரத்துக்குள் இறங்கும் இடத்தில் மட்டும் ஒரு வாரம் ஆகியும் பிசுபிசுத்தது. துடைத்துவிட்டு மறுபடி பூசினேன், அதே கதை. மூன்றாவது வாரம் கட்டையின் உட்புறத்தை விளக்கு பிடித்துப் பார்த்தபோதுதான் விளங்கியது. உள்ளே மரம் கருப்பாக, ஈரமான தோல்போல இருந்தது. நகத்தால் அழுத்தினால் நகம் பதிந்தது.

காரணம் எளிது. துப்பாக்கியைக் குழல் மேலே இருக்கும்படி ஆண்டுக்கணக்கில் நிறுத்தி வைக்கிறோம். எஃகுக்குத் தாராளமாகப் போட்ட எண்ணெய் குழலிலும் பொறியிலும் வழிந்து இறங்கி, கடைசியில் பொறியின் வாலுக்குப் பின்னுள்ள மரத்தில் போய்ச் சேருகிறது. துப்பாக்கி எண்ணெய் காயாத எண்ணெய். அது ஊறிய மரத்தில் ஆளிவிதை எண்ணெயும் சரியாகக் காயாது. அதைவிட மோசம், ஊறிய மரம் மென்மையாகிவிடுகிறது. ஒவ்வொரு முறை சுடும்போதும் பொறி பின்னோக்கி உதைப்பதை அந்த மென்மரம் தாங்க வேண்டியிருக்கிறது. பிடியருகே கட்டை மெலியும் கழுத்தில் விழும் விரிசல் பல துப்பாக்கிகளில் இங்கேதான் தொடங்குகிறது.

எண்ணெயை வெளியே இழுக்கும் முறை இது. கால்சியம் கார்பனேட் பொடியை வாங்குங்கள். சுவருக்கு அடிக்கும் சுண்ணாம்பு கூடவே கூடாது, அதன் காரம் வால்நட் மரத்தின் நிறத்தைக் கெடுக்கும். பொடியை அசிட்டோனில் கெட்டியான பசையாகக் குழைத்து, எண்ணெய் ஊறிய இடத்தில் கால் அங்குலத் தடிமனில் அப்புங்கள். அசிட்டோன் மரத்துக்குள் சென்று எண்ணெயை இளக்குகிறது. அது ஆவியாகும்போது இளகிய எண்ணெய் மேலே வந்து பொடியில் ஒட்டிக்கொள்கிறது. வெள்ளைப் பசை பழுப்பாக மாறுவது கண்ணுக்கே தெரியும். முற்றிலும் காய்ந்த பின் வெயிலில் ஒரு மணி நேரம் வைத்தால் இன்னும் கொஞ்சம் வெளியேறும். பிறகு தூரிகையால் உதிர்த்துவிட்டு மறுபடி அப்புங்கள். என் கட்டைக்கு ஏழு முறை தேவைப்பட்டது. முதல் சுற்றில் பசை தேன் நிறத்துக்கு வந்தது, ஏழாவதில் ஏறத்தாழ வெள்ளையாகவே உதிர்ந்தது. அதுதான் நிறுத்த வேண்டிய அடையாளம்.

அசிட்டோன் சட்டென்று தீப்பிடிக்கும். திறந்த வெளியில் செய்யுங்கள், அருகே அடுப்போ மின்பொறியோ இருக்கக் கூடாது.

இந்தப் பசையை உட்புறத்தில் மட்டுமே அப்ப வேண்டும். வெளியே அப்பினால் பிடியில் கை ஏற்றிய கருமையையும் மெருகையும் சேர்த்தே இழுத்துவிடும். நான் பசை வைக்கும் முன் விளிம்பெங்கும் ஒட்டுநாடா ஒட்டினேன். ஏழு சுற்றுக்குப் பிறகும் மாமாவின் உள்ளங்கை இருந்த இடம் நிறம் மாறாமல் இருந்தது.

பிறகு உட்புற மரத்துக்கும் வெளிமரத்துக்கும் ஆளிவிதை எண்ணெய். 'காய்ச்சியது' என்று விற்பதை வாங்குங்கள், அதில் உலர்த்தும் உப்புகள் சேர்த்திருப்பார்கள். பச்சை எண்ணெய் காய நாள்கணக்கில் ஆகும். விரல் நுனியில் நாலைந்து சொட்டு எடுத்து, சூடு பிறக்கும் வரை தேய்த்து, கால் மணி நேரத்தில் மிச்சத்தைத் துணியால் முழுதும் துடைத்து, ஒரு நாள் விடுங்கள். தடிமனாகப் பூசிய ஒரு பூச்சைவிட மெல்லிய நான்கு பூச்சு ஆயிரம் மடங்கு மேல். பாலியூரித்தேன் வார்னிஷ் பக்கம் போகாதீர்கள். அது மரத்தின் மேல் கண்ணாடிபோல் உட்கார்ந்து, ஒரு கீறல் விழுந்தாலும் தனியாகத் தெரியும்.

எண்ணெய் துடைத்த துணியைச் சுருட்டிக் குப்பையில் போடவே போடாதீர்கள். ஆளிவிதை எண்ணெய் காயும்போது வெப்பம் வெளிவிடும். சுருண்ட துணிக்குள் அந்த வெப்பம் தேங்கி, நெருப்பே இல்லாமல் தானாகப் பற்றிக்கொள்ளும். வெளியே விரித்துக் காயப் போடுங்கள், அல்லது தண்ணீரில் மூழ்க வையுங்கள்.

பள்ளங்களைப் பற்றி ஒரு சொல். ஈரத் துணியை மேலே வைத்து இஸ்திரிப் பெட்டியால் ஒத்தினால் நசுங்கிய இழைகள் ஊதி மேலே வரும். அறுபட்ட இழைகள் வராது. நான் ஒன்றைக்கூட எடுக்கவில்லை. முன்கட்டையில் பிறைபோல ஒரு பள்ளம் இருக்கிறது. மாமா பாறை இறங்கும்போது வழுக்கி விழுந்த நாள் அது, நானும் உடன் இருந்தேன்.

எஃகு

துருவை நீக்கும் அமிலங்களை வாங்காதீர்கள். கருநீல மெருகும் இரும்பின் ஆக்சைடுதான், துருவும் இரும்பின் ஆக்சைடுதான். அமிலத்துக்கு இரண்டுக்கும் வேறுபாடு தெரியாது, துருவோடு மெருகையும் கரைத்துவிடும். வினிகரும் இதில் சேர்த்தி.

0000 எண் (மிக நுண்ணிய) எஃகு இழையை எண்ணெயில் நனைத்து, துருப் புள்ளி மேல் மட்டும், எடையே இல்லாமல் உரசுங்கள். எண்ணெய் பழுப்பானதும் துடைத்துவிட்டுப் பாருங்கள். பிடிவாதமான புள்ளிக்குப் பழைய செப்புக் காசின் விளிம்பு உதவும், செம்பு எஃகைவிட மென்மையானது. சிவப்புப் போய்க் கருமை தெரிந்தால் நிறுத்துங்கள். வெள்ளியாய்த் தேய்ந்த இடங்களில் எண்ணெய்த் துணி ஒரு முறை போதும். அங்கே கடையில் விற்கும் குளிர் மெருகு (சூடாக்காமல் தடவும் கருமைத் திரவம்) தடவுவது எனக்குப் பிடிக்காது, தேய்ந்த எஃகைவிட அந்தத் திட்டுத்தான் கண்ணை உறுத்தும்.

குழலுக்குள் எப்போதும் பின்பக்கத்திலிருந்தே துலக்கும் கம்பியை நுழையுங்கள். முனையின் விளிம்பு தேய்ந்தால் குறி தவறும். கரைப்பானில் நனைத்த துணித்துண்டு நீலப்பச்சையாக வந்தால் குண்டின் உறை விட்டுச்சென்ற செம்புப் படிவு இன்னும் இருக்கிறது என்று பொருள்.

மறுபடி பூட்டும்போது முன் திருகை முதலில் இறுக்கி, பிறகு பின் திருகு. பொறியின் வாலுக்குப் பின்னே மயிரிழை இடைவெளி மரத்தில் இருக்க வேண்டும். ஒட்டி நின்றால் உதை முழுதும் அங்கே விழும்.

பின்னர் சேர்த்தவை

இதைப் படித்த ஒருவர், துணித்துண்டு எத்தனை முறை போட்டாலும் நீலமாகவே வருகிறது என்று எழுதினார். அவர் பயன்படுத்தியது வெண்கலத் தூரிகையும் கம்பியில் பித்தளை முனையும். அவற்றிலும் செம்பு இருக்கிறது, கரைப்பான் அதையே கரைத்துக் காட்டியிருக்கிறது. பிளாஸ்டிக் முனைக்கு மாறியதும் தீர்ந்தது.

இன்னொருவரின் பின்தகடு அசிட்டோன் பட்டு இளகிவிட்டது. கட்டையில் பிளாஸ்டிக் தகடோ பிடிமூடியோ இருந்தால் பசைக்கு முன்பே கழற்றிவிடுங்கள். இதை நான் முதலிலேயே எழுதியிருக்க வேண்டும்.

ராணுவ மௌசரிலிருந்து மாற்றிய ரைஃபிள் வைத்திருப்பவர்களுக்கு: பெரிய திருகுகளின் பக்கத்தில் பொடித் திருகு ஒவ்வொன்று இருக்கலாம். அவை பூட்டுத் திருகுகள், அவற்றை முதலில் எடுக்காமல் பெரியதைத் திருகினால் பிளவு கிழியும்.

வெகுநாள் சும்மா கிடந்த துப்பாக்கியைச் சுடலாமா என்று பலர் கேட்கிறார்கள். துலக்குவது வேறு, சுடத் தகுதியானது என்று உறுதி செய்வது வேறு. போல்ட்டின் முகத்துக்கும் அறைக்குள் தோட்டா முட்டி நிற்கும் இடத்துக்கும் உள்ள தூரத்தை அளவுகருவி வைத்துப் பழுதுபார்ப்பவர் ஒருவர் சோதித்த பிறகே தோட்டாவை உள்ளே வையுங்கள். நானும் அப்படித்தான் செய்தேன்.

என் ரைஃபிள் இப்போது பெட்டியில் குழல் முனை கீழே, ஒரு பஞ்சுத் துணியின் மேல் நிற்கிறது. மாதம் ஒரு முறை துணியில் எண்ணெய் ஈரம் இருக்கிறதா என்று பார்க்கிறேன். முதல் மூன்று மாதம் இருந்தது.