நெஞ்சுக்குக் கரண்ட் பிடிச்ச பெண்கள் பேந்து என்னத்தைக் கவனிக்க வேணும்

என்ர சித்தியின்ர நெஞ்சில, கழுத்தெலும்புக்குக் கொஞ்சம் கீழ, கடுகளவில ஒரு நீலப் புள்ளி இருக்கு. சின்னனில நாங்கள் அதை மச்சம் எண்டுதான் நினைச்சனாங்கள். கரண்ட் பிடிக்கேக்க, அதாவது கான்சருக்குக் கதிர்ச் சிகிச்சை எடுக்கேக்க, கதிர் ஒவ்வொரு நாளும் அச்சொட்டா அதே இடத்தில விழ வேணும் எண்டு குத்தி விடுற பச்சை அது. 1993ல அவாக்கு 19 வயசு, கழுத்தில கட்டி, ஹொட்ஜ்கின் லிம்போமா எண்ட நிணநீர்க் கான்சர் எண்டிச்சினம், கிளாலியால இரவு வள்ளத்தில போய்க் கொழும்பில சிகிச்சை எடுத்துச் சுகமாகி வந்தவா. 2013ல குளிக்கேக்க இடப்பக்க மார்பில கச்சான் கொட்டையளவு கட்டி கைக்குத் தட்டுப்பட்டது. டொக்டர் முதல் கேட்டது, "முந்தி நெஞ்சுக்கு எத்தினை கிரே குடுத்தவை, எந்தெந்த இடத்துக்கு?" கிரே எண்டா உடம்புக்குக் குடுக்கிற கதிரின்ர அளவு. எங்களிட்டப் பதில் இல்லை, அந்தத் துண்டெல்லாம் 95 இடம்பெயர்வோட போட்டுது, சித்தி அந்தப் புள்ளியைத்தான் தொட்டுக் காட்டினவா.

அதால நான் எல்லாரிட்டையும் முதல் சொல்லுறது இதைத்தான், உங்கட சிகிச்சைத் துண்டை எடுத்து வையுங்கோ. கரண்ட் பிடிச்ச திகதி, அப்ப உங்கட வயசு, எந்த இடம், மொத்தம் எத்தினை கிரே, எத்தினை நாளாப் பிரிச்சுக் குடுத்தது, கீமோ குடுத்திருந்தா மருந்துகளின்ர பேர், இவ்வளவும் அதில இருக்க வேணும். டயக்னோசிஸ் கார்டில "ரேடியோதெரபி முடிஞ்சுது" எண்டு ஒரு வரி மட்டும் இருந்தா அது காணாது, கிளினிக்கில விவரமா எழுதித் தரச் சொல்லிக் கேளுங்கோ, கேக்கிறது உங்கட உரிமை, வெக்கப்பட ஒண்டுமில்லை. துலைச்சுப் போட்டியள் எண்டா பழைய கிளினிக் நம்பர், பி.எச்.டி நம்பர் (வாட்டில படுத்திருந்தாத் தாற கட்டில் துண்டு நம்பர்), வருசம் இதுகளில கையில இருக்கிறதை எழுதிக் குடுத்து ஆஸ்பத்திரி ரெக்கோட் ரூமில தேடச் சொல்லலாம். கிடைச்சதும் போனில படம் எடுத்து வீட்டில இன்னொராளுக்கும் அனுப்பி விடுங்கோ, கறையானுக்கும் மழைக்கும் தப்பின பேப்பர் எங்கட ஊரில குறைவு.

இனி அந்தத் துண்டை எப்பிடி வாசிக்கிறது எண்டு பாப்பம். முதல் பார்க்க வேண்டியது வயசு. 10 வயசுக்கும் 30 வயசுக்கும் இடையில மார்பு வளர்ந்து கொண்டிருக்கிற காலத்தில கதிர் பட்டா பேந்து மார்பில கான்சர் வாற ஆபத்துக் கூட, ஹிரோசிமா நாகசாகியில தப்பின பெண்களிலையும் இளம் வயசில கதிர் பட்டவைக்குத்தான் கூட வந்தது. அடுத்தது அளவு. 10 கிரேயும் அதுக்கு மேலயும் நெஞ்சுக்கு வாங்கினவையை டொக்டர்மார் கூடின ஆபத்துள்ள ஆக்களா எடுப்பினம், முந்தின காலத்தில ஹொட்ஜ்கினுக்குக் கழுத்து, கமக்கட்டு, நடுநெஞ்சு எல்லாம் சேர்த்து இதை விடக் கனக்கக் குடுத்தவை. சின்ன வயசில நெஞ்சுக்குக் கரண்ட் பிடிச்ச பெண்களில 50 வயசுக்குள்ள ஏறக்குறைய 30 வீதமானவைக்கு மார்புக் கான்சர் வந்திருக்கு எண்டு அமெரிக்காவில செய்த பெரிய ஆய்வில கண்டிருக்கினம், அது பி.ஆர்.சி.ஏ 1 மரபணுப் பழுது இருக்கிற பெண்களின்ர ஆபத்துக்குக் கிட்ட. இது உடன வாறதில்லை, 8, 10 வருசம் கழிச்சுத் துவங்கி பேந்தும் குறையாமக் கூடவே வரும், சித்திக்கு 20 வருசம். சிகிச்சையால சூலகம் பழுதாகி மாதவிடாய் வெள்ளன நிண்டவைக்கு ஆபத்துக் கொஞ்சம் குறையும், மார்பு வளர ஈஸ்ட்ரஜன் எண்ட ஹோர்மோன் வேணும் எண்டதால. அப்பிடியானவை ஹோர்மோன் குளிசை எடுக்கத் துவங்க முதல் பழைய கதையைச் சொல்லிக் கேக்க வேணும்.

மார்புக் கான்சருக்கே ஒரு பக்கம் கரண்ட் பிடிச்சவையின்ர கதை வேற, இதை ஆறுதலா வாசியுங்கோ, ஏனெண்டா இங்கதான் ஆக்கள் பயந்து சிகிச்சையையே விடுகினம். மற்ற மார்புக்குச் சிதறிப் போற கதிர் கொஞ்சம்தான். சிகிச்சை எடுக்கேக்க 40 வயசுக்குக் கீழ இருந்து, மற்ற மார்புக்கு 1 கிரேக்கு மேல பட்டவைக்கு அந்தப் பக்கம் கான்சர் வாறது 2.5 மடங்கு எண்டு கண்டிருக்கு, 40க்கு மேல உள்ளவைக்கு அப்பிடிக் கூடினதாத் தெரியேல்லை. அதே நேரம் கட்டியை மட்டும் எடுத்திட்டுக் கரண்ட் பிடிக்காம விட்டா 10 வருசத்துக்குள்ள நோய் திரும்பி வாறது 35 வீதம், பிடிச்சா 19 வீதம். கனடாவில இருந்து மாமி போன் எடுத்து "வேண்டாம் பிள்ளை, கரண்ட் பிடிச்சா மற்றப் பக்கமும் வருமாம்" எண்டு சொன்னா, அவாக்கு இந்த ரெண்டு நம்பரையும் சொல்லுங்கோ. இளம் வயசு எண்டா மற்ற மார்புக்குப் படுற அளவைக் குறைக்க என்ன செய்வியள் எண்டு பிளான் போட முதல் டொக்டரிட்டக் கேக்கலாம். குடும்பத்தில அம்மா, பெரியம்மா, சகோதரம் எண்டு கனபேருக்கு, அதுவும் இளம் வயசில வந்திருந்தா அதையும் அப்பவே சொல்லுங்கோ, ரி.பி 53 மரபணுப் பழுது உள்ளவைக்கு ஏலுமான வரைக்கும் கரண்டைத் தவிர்ப்பினம்.

செக் பண்ணுறது எப்ப எண்டா, 30 வயசுக்கு முதல் நெஞ்சுக்கு 10 கிரேயோ மேலயோ வாங்கின பெண் 25 வயசில, அல்லது கரண்ட் பிடிச்சு 8 வருசத்தில, ரெண்டில எது பிந்தி வருதோ அதில இருந்து வருசா வருசம் எம்.ஆர்.ஐ ஸ்கேனும் மமோகிராமும் (மார்பை எக்ஸ்ரே எடுத்துப் பாக்கிறது) செய்ய வேணும். இளம் மார்பு அடர்த்தி எண்டதால மமோகிராம் மட்டும் கண்டுபிடிக்காம விடும். மார்புக் கான்சர் வந்த ஆக்களுக்கு வருசத்துக்கு ஒருக்கா மமோகிராம். எம்.ஓ.எச் (சுகாதார வைத்திய அதிகாரி) ஒபீஸில பெண்களுக்கு நடத்துற வெல் வுமன் கிளினிக் நல்லதுதான், ஆனா அது எல்லாருக்குமான செக், அங்க போனாலும் முந்திக் கரண்ட் பிடிச்சதை வாயைத் திறந்து சொன்னாத்தான் அவை தெல்லிப்பழைக் கான்சர் ஆஸ்பத்திரிக்கோ யாழ்ப்பாணம் பெரியாஸ்பத்திரிக்கோ துண்டு தருவினம்.

வீட்டில மாதம் ஒருக்கா, மாதவிடாய் முடிஞ்ச கிழமையில, கமக்கட்டு வரைக்கும் தடவிப் பாருங்கோ. கரண்ட் பட்ட தோல் தடிச்சுத்தான் இருக்கும், அதால உங்கட தோல் வழமையா எப்பிடி எண்டு உங்கட கைக்குத் தெரிஞ்சிருக்க வேணும். வருசங்கள் கழிச்சு அந்தத் தோலில அடிபட்ட கண்டல் மாதிரிச் சிவப்போ ஊதாவோ வந்து மாறாம நிண்டா எண்ணெய் பூசிக் கொண்டிருக்காமக் கெதியாக் காட்டுங்கோ, அரிதா வாற வேற ஒரு கான்சரும் அப்பிடித் துவங்கும்.

சித்தியின்ர மகள் ஒருநாள் தனக்கும் வருமோ எண்டு கேட்டவள். கரண்ட் பிடிச்சதால வாற ஆபத்து பிள்ளைக்குப் போறதில்லை, மரபணுப் பழுது இருந்தா மட்டும்தான் அது வேற விசயம். இப்ப அவாவின்ர துண்டுகள் எல்லாம் அவளின்ர போனிலதான் இருக்கு.