அமெரிக்காவுல மனநல கவுன்சிலர் ஆகணும்னு வர்ற நம்ம டெல்டாக்காரங்களுக்கு

லீவுக்கு கும்பகோணம் வந்து ஒரு வாரம்தான் ஆகுது, அதுக்குள்ள மூணு பேர் கேட்டாச்சு. ஒரு பொண்ணு மன்னார்குடி, ஆகஸ்ட்ல டல்லாஸ் போறா. இன்னொருத்தங்க கல்யாணமாகி ஹெச்4ல (வேலை விசால இருக்கறவங்களோட துணைக்கு குடுக்கற விசா) போனவங்க, வீட்ல சும்மா உக்காந்திருக்க புடிக்கலயாம். எல்லாருக்கும் ஒரே கேள்விதான், "அக்கா, அங்க கவுன்சிலிங் மாஸ்டர்ஸ் முடிச்சா உடனே ப்ராக்டிஸ் பண்ணலாமா?" உடனேல்லாம் முடியாது. டிகிரி வேற, லைசன்ஸ் வேற.

லைசன்ஸ் குடுக்கறது ஒவ்வொரு ஸ்டேட்டும் தனித்தனியா. நியூயார்க், ஃப்ளோரிடால அதுக்கு எல்எம்ஹெச்சின்னு பேரு, டெக்சாஸ்ல எல்பிசி, கலிஃபோர்னியால எல்பிசிசி, பேரு மட்டும் மாறுதுன்னு நெனைக்காதீங்க, ரூல்ஸும் மாறும். அதனால காலேஜ் தேடறதுக்கு முன்னாடி எந்த ஸ்டேட்ல இருக்கப்போறீங்கன்னு பாத்து, அந்த ஸ்டேட் போர்டோட ரூல்ஸ படிச்சுட்டு அப்புறம் காலேஜ் பாருங்க. நான் தலைகீழா பண்ணேன், ஃபீஸ் கம்மின்னு ஒரு இடத்துல அட்மிஷன் வாங்கி பணம் கட்டப் போற நேரத்துல ஒரு சீனியர் அக்கா "எத்தன கிரெடிட்?"னு (கோர்ஸோட அளவு கணக்கு) கேட்டாங்க, 48. நான் லைசன்ஸ் வாங்கவேண்டிய ஸ்டேட்ல 60 வேணும். நல்லவேளை.

கேக்ரெப்னு கவுன்சிலிங் கோர்ஸுங்க தரத்த பாக்கற அமைப்பு ஒண்ணு இருக்கு, அதோட அங்கீகாரம் இருக்கற கோர்ஸா பாத்துக்கிட்டா இந்த தலைவலி பாதி கொறையும். அதுல 60 கிரெடிட், 100 மணி நேரம் ப்ராக்டிகம்னு மொதல் கட்ட பயிற்சி (அதுல 40 நேரா க்ளையன்ட்டோட), அப்புறம் 600 மணி நேரம் இன்டர்ன்ஷிப், அதுல 240 க்ளையன்ட்டோட. பெரும்பாலும் சம்பளம் கிடையாது.

இப்ப விசா, இங்கதான் நம்மாளுங்க மாட்டிக்கறது. எஃப்1ல (மாணவர் விசா) இருந்தா இன்டர்ன்ஷிப்புக்கு சம்பளம் இல்லன்னாலும் காலேஜ்ல விசா விஷயம் பாக்கற டிஎஸ்ஓகிட்ட சிபிடி (படிக்கறப்பவே வேலைப் பயிற்சிக்கு அனுமதி) வேணுமான்னு கேட்டு எழுத்துல வாங்கிக்கோங்க. ஹெச்4ல தாராளமா படிக்கலாம், ஆனா சிபிடிங்கறதே கிடையாது, வேலைக்கு ஈஏடிங்கற அனுமதி அட்டை வேணும், அதனால இன்டர்ன்ஷிப் எப்படி பண்ணுவோம்னு அட்மிஷனுக்கு முன்னாடியே கேட்டுடுங்க. டிகிரிக்கு அப்புறம் டெக்சாஸ், நியூயார்க், கலிஃபோர்னியா மாதிரி இடங்கள்ல சூப்பர்வைசர் கீழ 3000 மணி நேரம் பண்ணணும். வாரம் 40 மணின்னு போட்டாலே 75 வாரம் ஆகுது, டெக்சாஸ்ல கொறஞ்சது 18 மாசம்னே ரூல் வச்சிருக்கான். எஃப்1க்கு ஓபிடி, அதாவது படிச்சு முடிச்சப்புறம் வேலை பாக்க குடுக்கற அனுமதி, 12 மாசம்தான், கவுன்சிலிங் பெரும்பாலும் கூடுதல் காலம் கெடைக்கற ஸ்டெம் (அறிவியல், இன்ஜினியரிங் மாதிரி படிப்பு) லிஸ்ட்ல வராது. கணக்கு ஒதைக்குதா? இது குறுவை இல்ல, நீண்டகால சம்பா, மேட்டூர்ல தண்ணி எத்தன நாளைக்கு வரும்னு பாத்துட்டுத்தான் நாத்து விடணும்.

லைசன்ஸுக்கு எழுதற பரீட்சை என்சிஇ இல்லன்னா என்சிஎம்ஹெச்சிஇ, ஸ்டேட்ட பொறுத்து. மொதல்ல சொன்னது 200 கேள்வி, அதுல 160க்குத்தான் மார்க். நம்ம மனப்பாட மூளைக்கு அது ஒண்ணும் பெரிய விஷயமில்ல.

கஷ்டம் என்னன்னா வாய மூடிக்கிட்டு கேக்கறது. க்ளாஸ்ல ஒருத்தர் க்ளையன்ட்டா நடிப்பாங்க, வீடியோ எடுத்து எல்லார் முன்னாடியும் போட்டுக் காட்டுவாங்க. என் வீடியோல நான் ரெண்டாவது நிமிஷமே "கவலப்படாதீங்க, எல்லாம் சரியாயிடும்"னுட்டேன், அப்புறம் அட்வைஸ், அப்புறம் எங்க சித்தி கதை. திண்ணைல வளந்த வாயி. அத மாத்த எனக்கு ஒரு செமஸ்டர் ஆச்சு.

ஆனா நம்ம ஊரு குடுத்ததும் இருக்கு. "நெஞ்ச அடைக்குது", "ஒடம்பெல்லாம் எரியுது"ன்னு ஒரு தமிழ் அம்மா சொன்னா அது வெறும் ஒடம்பு இல்லன்னு நமக்கு பொசுக்குன்னு புரியும். குணசீலம் பெருமாள் கோயில்ல மனசு சரியில்லாதவங்கள 48 நாள் தங்க வைக்கறத சின்ன வயசுலேர்ந்து பாத்தவங்க நாம, அங்க போய்ட்டு வந்தேன்னு ஒரு குடும்பம் சொன்னா மூஞ்ச சுளிக்காம மேல கேப்போம்.

தமிழ் சங்கத்துல பாக்கறவங்க, புள்ளையோட தமிழ் ஸ்கூல் டீச்சர், இவங்கெல்லாம் "கொஞ்சம் பேசணும்மா"ன்னு வருவாங்க. தெரிஞ்சவங்கள க்ளையன்ட்டா எடுக்காதீங்க, வேற ஆள கை காட்டி விடுங்க. கொழந்தைய அடிச்சு கொடும பண்றது தெரிஞ்சா கவுன்சிலர் ரிப்போர்ட் பண்ணியே ஆகணும், சட்டம், அத முதல் நாளே க்ளையன்ட்கிட்ட சொல்லிடணும், அடிச்சு வளக்கறது சகஜம்னு நெனைக்கற நம்ம வீடுகள்ல இத சொல்றதுக்குள்ள நாக்கு தடுமாறும்.

கேட்ட கதையெல்லாம் வீடு வரைக்கும் கூடவே வரும். திருவிடைமருதூர் கோயில்ல பிரம்மஹத்தி கிழக்கு வாசல்ல ஒக்காந்து காத்துக்கிட்டு இருக்கும், நாம போன வழியா திரும்பாம வேற வாசல்ல வெளிய வருவோம்ல, எனக்கு அந்த வேற வாசல் வாராவாரம் சூப்பர்வைசரோட இருக்கற ஒரு மணி நேரம்தான்.

கெளம்பறதுக்கு முன்னாடி ட்ரான்ஸ்கிரிப்ட் (யுனிவர்சிட்டி குடுக்கற மார்க் விவரம்) வேலைய முடிச்சுட்டு வாங்க, அப்புறம் அப்பாதான் திருச்சிக்கு பஸ் ஏறி அலையணும். நம்ம மூணு வருஷ டிகிரிய சில காலேஜ் ஏத்துக்காது, அதையும் முன்னாடியே மெயில்ல கேட்டுடுங்க. சைக்காலஜி பேப்பர் படிச்சிருந்தா சிலபஸ் காப்பி எடுத்துக்கோங்க. அங்க போனப்புறம் மணி நேரக் கணக்க தேதி போட்டு எழுதி, சூப்பர்வைசர்கிட்ட வாராவாரம் சைன் வாங்கிடுங்க. என் ஃப்ரெண்டு ஒருத்தியோட சூப்பர்வைசர் திடீர்னு வேற ஊருக்கு போய்ட்டாங்க, அவ நாலு மாச கணக்குக்கு சைன் கேட்டு இன்னும் மெயில் போட்டுக்கிட்டு இருக்கா.