வடை ‘டேஸ்டிங்’ செய்யாது

கொழும்பு காலிமுகத்திடலில் சுடச்சுட இறால் வடையைக் கடித்ததும், “திஸ் இஸ் டேஸ்டிங் குட்” என்று பலருக்கும் வாயில் வந்துவிடும். “திஸ் டேஸ்ட்ஸ் குட்” என்பதே சரி. வடைக்கு ருசி இருக்கிறது, அவ்வளவுதான். அது எந்த வேலையும் செய்யவில்லை. அதனால் ‘இங்’ சேர்க்கத் தேவையில்லை. ‘குட்’ இருக்கும் இடத்தில் ‘வெல்’ போடுவதும் பிழை.

அடுப்படியில் கறிக்கு உப்புப் பார்க்கிறீர்களா? அது நீங்கள் செய்யும் செயல். அப்போது “ஐ ஆம் டேஸ்டிங் த கறி” என்று தாராளமாகச் சொல்லலாம்.

‘டேஸ்ட்’ என்ற சொல் பழைய பிரெஞ்சிலிருந்து வந்தது. அங்கே அதற்குத் தொட்டுப் பார்ப்பது என்று பொருள். ஆங்கிலத்திலும் தொடக்கத்தில் கையால் தொட்டுச் சோதிப்பதற்கு வழங்கி, பிறகுதான் நாக்குக்கு மட்டும் என்றானது. (நாங்களும் உப்பைக் கண்ணாலா ‘பார்க்கிறோம்’?)

அப்புறம், இன்னொரு பொருளோடு ஒப்பிட்டால் ‘லைக்’ வேண்டும்: “இட் டேஸ்ட்ஸ் லைக் சிக்கன்.” வெறும் புளிப்பு, இனிப்பு என்றால் வேண்டாம்: “இட் டேஸ்ட்ஸ் சவர்.” ‘ஸ்மெல்’லுக்கும் இதே கணக்குத்தான்.