கடாரத்துப் பெண்ணைச் சோழ நாட்டுக்கு அனுப்புவது எப்படி? ரசிகர் புனைவில் சொந்தப் பாத்திரம் படைக்க ஒரு செய்முறை

'பொன்னியின் செல்வன்' படித்த கையோடு, அதன் பாத்திரங்களை வைத்துத் தம் சொந்தக் கதையை, அதாவது ரசிகர் புனைவு எழுத உட்காரும் நம் பினாங்குப் பிள்ளைகளின் கற்பனையில் ஒரு கடாரத்துப் பெண் வந்து நிற்பதில் வியப்பில்லை. வானம் தெளிந்த நாளில் பினாங்கிலிருந்தே கெடாவின் குனோங் ஜெராய் மலை தெரியும். அதன் தெற்கே உள்ள பூஜாங் பள்ளத்தாக்கில்தான் பழைய கடாரத்தின் (இன்றைய கெடா) எச்சங்கள் அகழ்ந்தெடுக்கப்பட்டுள்ளன. ஆனால் அந்தப் பெண் சோழ நாட்டுக்குப் போய் என்ன செய்கிறாள் என்பதில்தான் கதை தடுமாறுகிறது.

அவளுக்கு மதுரவல்லி என்று பெயர் வைத்துக்கொள்வோம். வயது 17. ஏழு மொழி, வாள்வீச்சு, மருத்துவம் எல்லாம் அத்துப்படி. அவளைப் பார்த்த கணத்திலேயே வந்தியத்தேவன் குந்தவையை மறந்துவிடுகிறான். இத்தகைய பாத்திரத்தை ரசிகர்கள் 'மேரி சூ' என்பார்கள். 1973இல் பௌலா ஸ்மித் 'ஸ்டார் ட்ரெக்' ரசிகர் இதழ் ஒன்றில் எழுதிய கேலிக்கதையின் நாயகி பெயர் அது. அவள் பதினைந்தரை வயதிலேயே லெப்டினன்ட். கேப்டனே அவளிடம் காதல் சொல்கிறார். இறுதியில் அவள் சாக, கப்பலே கண்ணீர் வடிக்கிறது. ஆண் பாத்திரமானால் 'கேரி ஸ்டூ'.

திறமையுள்ள பெண் பாத்திரம் எதைக் கண்டாலும் இந்தப் பட்டத்தைச் சூட்டிவிடும் வழக்கமும் இருக்கிறது. அதை நான் ஏற்பதில்லை. கல்கி படைத்த பூங்குழலி தனியாகக் கடலில் படகு செலுத்துபவள், புதைசேற்றில் சிக்கிய வந்தியத்தேவனைக் கரையேற்றியவள். ஆயினும் அவள் மனம் நாடிய இளவரசர் அவளுக்குக் கிடைப்பதில்லை. திறமை அளவின்றி இருக்கலாம். கதை முழுவதும் அவளுக்காக வளைந்து கொடுத்தால்தான் வாசகருக்கு அலுப்புத் தட்டுகிறது.

ஆகவே முதல் படியாக, மதுரவல்லியைச் சற்று ஒதுக்கி வைத்துவிட்டு, அவள் சந்திக்கப்போகும் பழைய பாத்திரங்கள் ஒவ்வொருவரும் முன்பின் அறியாத ஒருவரிடம் எப்படி நடந்துகொள்வார்கள் என்று ஒரு தாளில் எழுதுங்கள். வந்தியத்தேவன் அவசரக்காரன், குடந்தை சோதிடர் வீட்டுக்குள் அனுமதியின்றிப் புகுந்தவன். குந்தவை எதையும் எடைபோட்டுப் பார்ப்பவள். இந்தக் குணங்கள் மதுரவல்லி வந்த பிறகும் மாறக்கூடாது.

இரண்டாவது படியில் அவளுக்கு ஒரு தேவையையும், அதற்குக் குறுக்கே நிற்கும் ஒரு குணத்தையும் கொடுங்கள். 'சமைக்கத் தெரியாது', 'அடிக்கடி தடுக்கி விழுவாள்' போன்ற குறைகள் ஒப்புக்குச் சேர்த்தவை; அவற்றால் அவளுக்கு எந்த இழப்பும் வருவதில்லை. தோற்றத்துக்கு ஒரு வரி போதும்.

மூன்றாவது படி, காட்சியைத் திருத்தி எழுதுவது. பெரும்பாலான நேரம் இங்கேதான் செலவாக வேண்டும். முதல் வரைவு இப்படி இருக்கிறது என்று கொள்வோம்:

"மதுரவல்லி உள்ளே நுழைந்ததும் குந்தவை ஓடிவந்து கட்டிக்கொண்டு, 'உன்னைப் போன்ற அறிவாளியை நான் கண்டதில்லை' என்றாள்."

இதில் குந்தவை குந்தவையாக இல்லை. திருத்திய வடிவம்:

"குந்தவை இருக்கையை விட்டு எழவில்லை. நாகப்பட்டினத்தில் கற்பூரம் என்ன விலை போகிறது என்று மட்டும் கேட்டாள். விலையோடு நிறுத்தாமல், தந்தையின் மரக்கலங்கள் எந்த மாதம், எந்தத் துறையில் ஒதுங்கும் என்பது வரை மதுரவல்லி பெருமையாக அடுக்கினாள். படியிறங்கும்போதுதான் தான் எதையெல்லாம் சொல்லிவிட்டோம் என்பது உறைத்தது."

அறிவு குறையவில்லை; அந்த அறிவைக் காட்டிக்கொள்ளும் ஆசையே அவளை மாட்டிவிடுகிறது. அடுத்த அத்தியாயத்துக்கான சிக்கலும் அதிலேயே பிறந்துவிடுகிறது.

நான்காவது படி, வெளியிடுமுன் ஒருவரிடம் படிக்கக் கொடுப்பது. இவரைப் பீட்டா வாசகர் என்பார்கள். "எப்படி இருக்கிறது?" என்று கேட்டால் "நன்றாக இருக்கிறது" என்ற பதில்தான் வரும். "குந்தவை பேசுவது குந்தவை பேசுவதுபோல் இருக்கிறதா?", "எந்த இடத்தில் படிப்பதை நிறுத்தத் தோன்றியது?" என்று குறிப்பாகக் கேளுங்கள்.

நீங்களே பிறர் கதைக்குக் கருத்துச் சொல்ல நேர்ந்தால், எழுத வந்தவர் பெரும்பாலும் படிவம் நான்கு, ஐந்து மாணவராக இருப்பார் என்பதை நினைவில் கொள்ளுங்கள். "உன் நாயகி சரியான மேரி சூ" என்று சொல்வதால் அவருக்குத் திருத்த எதுவும் கிடைப்பதில்லை. "தங்கச்சி, கற்பூர விலை பேசும் இடம் எனக்குப் பிடித்திருந்தது. ஆனால் அடுத்த பத்தியில் வந்தியத்தேவன் குந்தவையை ஏன் மறந்தான் என்று புரியவில்லை. அவன் மனம் மாற ஒரு காரணம் காட்ட முடியுமா?" என்று சொன்னால் இடமும் தெரிகிறது, சிக்கலும் தெரிகிறது. மாற்று வசனத்தை நீங்களே எழுதிக் கொடுத்துவிடாதீர்கள். பிறகு அது உங்கள் கதையாகிவிடும். ஒருவர் கருத்துக் கேட்காமல் மகிழ்ச்சிக்காகவே எழுதியிருந்தால், முதலில் அனுமதி கேட்பதுதான் மரியாதை.

கருத்தைப் பெறுபவர் உடனே மறுமொழி எழுதாமல் ஓரிரு நாள் ஆறப்போடுவது நல்லது. வாசகர்கள் சொல்லும் தீர்வுகள் ஆளுக்கொன்றாக இருக்கும். அவற்றை அப்படியே ஏற்க வேண்டியதில்லை. ஆனால் வெவ்வேறு வாசகர்கள் ஒரே பத்தியில் தடுக்கினால் அந்தப் பத்தியைத் திருத்தியே ஆக வேண்டும். திருத்திய பிறகு முழுக் கதையையும் மறுபடி அனுப்பாமல், மாறிய பகுதிகளை மட்டும் குறித்து அதே பீட்டா வாசகரிடம் கொடுங்கள்.